பத்து முப்பத்தொன்றுக்குப் பிறந்த கணினிகள்

அத்தியாயம் 4

திங்கட்கிழமை காலை, ராகு காலம் கழிந்து ஒன்பது பத்துக்கு, திண்டுக்கல்லில் எங்கள் மையத்தின் கணினி அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். கட்டடத்தின் உரிமையாளனான நான், வேலுமணி. அதன் இரண்டாம் மாடியில் கணினித் தேர்வு மையம் நடத்தும் என் மகன் கமலக்கண்ணன். அவன் மனைவி மலர்விழி. மையத்துக் கணினிகள் அவள் பொறுப்பு. மேற்பார்வையாளர் ஸ்டீபன்ராஜ். தேர்வு நடத்தும் நிறுவனத்தின் சார்பில் மதுரையிலிருந்து வந்திருந்த முத்துக்கிருஷ்ணன். துப்பறிவாளர் சொர்ணலட்சுமி. அவருடைய உதவியாளர் பிராங்க்ளின். வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தியவன் நான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஒரு தனியார் நிறுவனத்தின் வேலைக்கான தேர்வு எங்கள் மையத்தில் நடந்தது. முப்பத்தாறு பேர் எழுதினார்கள். தொடங்கிய இருபதாவது நிமிடம் ஆனந்தி என்ற பெண் கையைத் தூக்கினாள். அவள் மவுஸைத் தொடவில்லை; ஆனாலும் திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே எங்கோ உட்கார்ந்திருந்த ஒருவன் அவள் கணினியை இயக்கிக்கொண்டிருந்தான். அப்படி இயக்குவதற்கான நிரல் முப்பத்தாறு கணினிகளிலும் இருந்தது. தேர்வு ரத்தானது.

“நாலு மணி வரைக்கும் டைம் தர்றேன் சார்,” என்றார் முத்துக்கிருஷ்ணன். “செஞ்சது யாருன்னு எனக்கு ஒரு பேரு வேணும். வரலைன்னா பதிவுல யார் பேரு இருக்கோ அவங்க மேல போலீஸ் கம்ப்ளைண்ட்.”

“பதிவுல யார் பேரு இருக்கு?” என்று கேட்டார் சொர்ணலட்சுமி.

“மலர்விழி மேடம் பேரு.”

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் குடும்பப் பெயர் காவல் நிலையத்துக்குப் போகக்கூடாது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை நானே சொர்ணலட்சுமியைத் தேடிப் போனேன். குடும்பம் என்று அவரிடம் சொன்னபோது அந்தச் சொல்லுக்குள் மலர்விழியை நான் வைத்திருக்கவில்லை. அவள் சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். கமலக்கண்ணன் விரும்பிக் கட்டியவள். தாலியை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் அவளுக்கு எதையும் நான் கொடுத்ததில்லை.

சொர்ணலட்சுமி ஐம்பதைத் தாண்டியவர். இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். பிராங்க்ளின் அவரிடம் சேர்வதற்கு முன்பு பழனியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தவன். வாய் நீளம்.

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா,” என்றார் சொர்ணலட்சுமி மலர்விழியிடம். “தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு.”

“ஹால்ல இருக்கிறது வெறும் திரை, கீபோர்டு, மவுஸ். நிஜமான கம்ப்யூட்டர் இந்த ரூம்ல ஒண்ணே ஒண்ணு. பரீட்சை அன்னைக்குக் காலைல இதுக்குள்ளயே முப்பத்தாறு கம்ப்யூட்டர் புதுசா உருவாகும். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. யாரும் கை வைக்க வேண்டாம். நான் எழுதி வச்ச செட்டப் குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடும். ஓடுறப்ப ஒரு ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் எல்லாத்தையும் ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் காப்பி பண்ணும். பரீட்சை முடிஞ்சதும் முப்பத்தாறும் அழிஞ்சிரும்.”

“இட்லிச் சட்டி,” என்றான் பிராங்க்ளின். “மாவுல உப்பு கூடுனா அத்தனை இட்லியும் கரிக்கும்.”

“ஆமா. அப்படித்தான்.”

“அந்த உப்பு எப்ப விழுந்துச்சு?” என்றார் சொர்ணலட்சுமி.

முத்துக்கிருஷ்ணன் தாளைப் பார்த்துப் படித்தார். “சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. அப்பதான் அந்த ஃபைல் ஃபோல்டருக்குள்ள போயிருக்கு. மேடத்தோட லாகின்ல.”

“அந்த நேரம் நீ எங்கம்மா இருந்த?”

“கீழ. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்திக்கிட்டு இருந்தேன்.”

“பாத்தவங்க?”

“யாரும் பாக்கல.”

“உன் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?”

“திரைக்குக் கீழ சீட்டுல எழுதி ஒட்டியிருக்கு. ரூம் சாவி வெளிய ஆணியில தொங்கும். உள்ள வர்ற யாருக்கும் தெரியும்.”

“சபாஷ். பூட்டுக்குப் பேர் போன ஊரு,” என்றான் பிராங்க்ளின்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மையத்தில் இருந்தவர்கள் நாங்கள் ஐந்து பேர்தான். பூசைக்காக நானும் வந்திருந்தேன். தேர்வு எழுதுகிறவர்களைப் பதினொரு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். ஆகவே செய்தவர் எங்கள் ஐவரில் ஒருவர். இதைச் சொர்ணலட்சுமி சொன்னபோது முத்துக்கிருஷ்ணனுக்கு முகம் சிவந்தது. தன்னையும் கணக்கில் சேர்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

சொர்ணலட்சுமி ஸ்டீபன்ராஜ் பக்கம் திரும்பினார். “பரீட்சை அன்னைக்கு இந்த மெஷினெல்லாம் எத்தனை மணிக்கு உருவாகும்?”

“ஒன்பது மணிக்குங்கம்மா. எப்பவும் ஒன்பதுதான்.”

“உங்களுக்குத் தெரிஞ்சு சார்?”

“ஒன்பது. எங்க நடைமுறையிலயே அப்படித்தான் இருக்கு,” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

“அப்ப ஒன்பது நாப்பதுக்கு எதுக்கு ஒருத்தன் ஃபைல் போடணும்? பஸ் கெளம்பி நாப்பது நிமிசம் ஆன பிறகு துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற மாதிரில்ல இருக்கு?”

மலர்விழி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“சனிக்கிழமை மட்டும் பத்து முப்பத்தொண்ணுக்கு உருவாச்சு. ஒன்பதுல இருந்து பத்தரை ராகு காலம். புதுசா ஒண்ணு உருவாகுறதுன்னா அதுக்கும் நேரம் பாக்கணும்னு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடுறப்ப மாமா சொன்னாங்க. சனிக்கிழமை பரீட்சை எங்களுக்கு அதான் முதல் தடவ. எழுந்திரிச்சுப் போய் நேரத்தை மாத்தி வச்சேன்.”

“எங்ககிட்ட சொல்லவே இல்லையே!” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

“என் கட்டடத்துல எது எப்பத் தொடங்கணும்னு நான் மதுரையைக் கேக்க வேண்டியதில்ல,” என்றேன் நான்.

“கம்ப்யூட்டருக்கே ஜாதகம் கணிச்சிட்டீங்களா ஐயா,” என்றான் பிராங்க்ளின். “முப்பத்தாறுக்கும் ஒரே நட்சத்திரம். பொருத்தம் பாக்குறவனுக்கு வேலை மிச்சம்.”

சொர்ணலட்சுமி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடினான். “சாப்பிடுறப்ப யார் யார் இருந்தீங்க?” என்று கேட்டார்.

“நான், என் மகன், மருமக,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேர்வுக் கூடத்துக்குள் போனார். மேசைகளின் மேல் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே பிராங்க்ளின் முன்னால் நடந்தான்.

“அஞ்சு, ஆறு, ஏழு, ஒன்பது. அக்கா, எட்டு லீவுல போயிருக்கு.”

“எட்டு எங்க குடும்பத்துக்கு ஆகாது. நான்தான் வேண்டாம்னேன்,” என்றேன். எங்கள் கூடத்தில் ஏழுக்கு அடுத்த இருக்கை ஒன்பது. கடைசி இருக்கை முப்பத்தேழு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பிராங்க்ளின் சிரித்தான். “பழனியில நான் இருந்த லாட்ஜுல பதிமூணு கிடையாதுங்க ஐயா. பன்னண்டுக்கு அப்புறம் பன்னண்டு ஏ, அப்புறம் பதினாலு. ஆனா அது கதவுல மட்டும்தான். உள்ளுக்குள்ள பேசுற போன்ல பதிமூணு அமுக்குனாத்தான் பன்னண்டு ஏ-ல மணி அடிக்கும். புதுசா வந்த ஆளு அது தெரியாம ஒரு நாள் மொட்டைக்கு வந்த குடும்பத்துக்குப் போட்ட வென்னீரை—”

சொர்ணலட்சுமி சட்டென்று நின்றார். மலர்விழியைத் திரும்பிப் பார்த்தார். மலர்விழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை தூக்குன பொண்ணைப் பாக்கணும். எந்த ஊரு?”

“ஆத்தூர்ங்கம்மா,” என்றார் ஸ்டீபன்ராஜ்.

என் காரில் போனோம். பிராங்க்ளின் ஓட்டினான். நானும் வருகிறேன் என்றதற்குச் சொர்ணலட்சுமி மறுப்புச் சொல்லவில்லை. “ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன் ஐயா. யாருன்னு தெரிஞ்சா நாலு மணிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிருவேன். உங்ககிட்ட தனியா வந்து சொல்ல மாட்டேன்.”

“சொல்லுங்க,” என்றேன். அப்போது எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனந்தியின் தகப்பன் சடையாண்டி வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கடப்பாரையில் குத்துவதை நிறுத்தவில்லை.

“பரீட்சை நடத்துறவுகளா? எதுக்கு வந்தீக? கை தூக்குனதுக்கு மாலை போடவா?”

“பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்,” என்றார் சொர்ணலட்சுமி.

“அவ பேசுனதுனாலதான் இம்புட்டும். ஒரு வருசமாப் படிச்சா. பேசாம இருந்திருந்தா எவனோ ஒருத்தன் நல்ல மார்க்கு வாங்கிக் குடுத்திருப்பான். ஓசியில. என் மக புத்திசாலி, அதான் கையைத் தூக்கிட்டா.” மட்டையை எடுத்துத் தூர எறிந்தார். “இப்ப அவளையும் போலீசு கூப்பிடுமாம்ல?”

“அப்பா, செத்த நேரம் சும்மா இருங்க,” என்று சொல்லிக்கொண்டே ஆனந்தி வெளியே வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். பயந்த முகம் இல்லை. கோபமான முகம்.

“அந்த அம்புக்குறி என்னம்மா பண்ணுச்சு? ஒண்ணு விடாம சொல்லு.”

“முதல்ல சும்மா அங்கயும் இங்கயும் ஓடுச்சு. கம்ப்யூட்டர் கோளாறுன்னு நெனச்சேன். நான் மவுஸை இழுத்தா அது வேற பக்கம் இழுக்குது. அப்புறம் ஒரு சின்னக் கட்டம் திறந்து அதுல எழுத்து வந்துச்சு. ‘தம்பி, கைய எடு. நான் பாத்துக்கிறேன்.’”

“தம்பியா?” என்றான் பிராங்க்ளின்.

“ஆமா. நான் தம்பி இல்லைன்னு அடிச்சேன். உடனே கட்டத்தை மூடிட்டு ஓடிட்டான். அதுக்கப்புறந்தான் கையைத் தூக்குனேன்.”

பிராங்க்ளின் வாய்விட்டுச் சிரித்தான். “பாவம் அக்கா அவன். மாப்பிள்ளை வீடுன்னு நெனச்சு எதிர் வீட்டுல பாய் விரிச்சிட்டான்.”

“உன் இருக்கை எண் என்னம்மா?”

“பதினஞ்சு.”

“பக்கத்துல யாரு?”

“பதினாறுல ஒரு அக்கா. பதினாலுல ஒரு பையன். அவன் பரீட்சை தொடங்கினதுல இருந்து மவுஸைத் தொடவே இல்ல. கையைக் கட்டிக்கிட்டு திரையையே பாத்துக்கிட்டு இருந்தான். சாமி கும்பிடுறான் போலன்னு நெனச்சேன்.”

“யாருக்காகவோ காத்துக்கிட்டு இருந்திருக்கான்,” என்றார் சொர்ணலட்சுமி மெதுவாக. “வர வேண்டிய ஆளு அடுத்த வீட்டுக்குப் போயிட்டான்.”

நாங்கள் கிளம்பும்போது சடையாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார். “மறுபடி பரீட்சை வைப்பீகளா?”

“அது நிறுவனம் முடிவு பண்ணணும்,” என்றேன்.

“நீங்க எதைத்தான் முடிவு பண்ணுவீக?” என்று சொல்லிவிட்டு அடுத்த தேங்காயைக் குத்தினார்.

கார் பிரதான சாலைக்கு வந்ததும் சொர்ணலட்சுமி, “பிராங்க்ளின், ஸ்டீபன்ராஜுக்குப் போன் போடு. பதினாலாம் இருக்கையில யாருன்னு கேளு,” என்றார்.

“போன் பண்ண வேண்டியதில்ல,” என்றேன். “என் பேரன். மகள் வயித்துப் பையன். பேரு பழனிக்குமார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாசல்ல நெத்தியில திருநீறு பூசி நான்தான் உள்ள கூட்டிக்கிட்டு வந்து விட்டேன்.”

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தலை குனிவதைவிட, நானே சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது மேல் என்று தோன்றியது. பிராங்க்ளின் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

செம்பட்டியில் தேநீருக்கு நிறுத்தினோம். பிராங்க்ளின் கடைக்குப் போனதும் நான் சொர்ணலட்சுமியிடம் சொன்னேன்.

“மருமக செஞ்சிருக்கலாம். எங்க வீட்டுல நல்ல பேரு வாங்கணும்னு.”

“செஞ்சிருக்கலாம்.”

“அவ பேரு போனா அவ பொறந்த வீட்டோட போயிரும். வேற பேரு போனா நாலு தலைமுறை போயிரும். அம்மா, உங்களுக்குப் புரியும்னு நெனைக்கிறேன்.”

அவர் தேநீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. “ஐயா, டெலிபோன் ஆபீசுல இருந்தப்ப தப்பான நம்பருக்கு லைன் குடுத்தா சம்பளத்துல பிடிப்பாங்க. இருபத்தாறு வருசத்துல ஒரு தடவகூட எனக்குப் பிடிச்சதில்ல.” தேநீரை அப்படியே கீழே ஊற்றிவிட்டுக் காரில் ஏறினார்.

மையத்துக்குத் திரும்பியபோது மூன்றரை. சொர்ணலட்சுமி முப்பத்தாறு கணினிகளையும் மறுபடி உருவாக்கச் சொன்னார். மலர்விழி விசைப்பலகையில் ஒரு வரி தட்டினாள். தட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சில நிமிடங்களில் கூடத்தில் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன. அந்த வேலையை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சொல்லப்போனால் அவள் வேலை செய்வதையே அன்றுதான் பார்த்தேன்.

“பிராங்க்ளின், இருபதாம் நம்பர் மேசையில போய் உக்காரு. திரை அணைஞ்சா சத்தம் குடு,” என்றார் சொர்ணலட்சுமி. நாங்கள் ஆறு பேரும் கணினி அறையில் நின்றோம். நடுவே கண்ணாடிச் சுவர். கூடம் முழுவதும் தெரியும்.

“மலர்விழி, அவன் மெஷினை மட்டும் நிறுத்தும்மா.”

மலர்விழி பத்தொன்பது என்று தட்டினாள்; பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது.

“அணைஞ்சிருச்சு!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

“திரும்ப எழுப்பி விடு. ஸ்டீபன்ராஜ், நீங்க.”

ஸ்டீபன்ராஜ் தயங்கிக்கொண்டே இருபது என்று தட்டினார்.

“அக்கா, எனக்கு விளக்கு எரியுது! பக்கத்து வீட்டுலதான் கரண்டு போச்சு!”

இருபத்தொன்றாம் மேசையின் திரை இருண்டிருந்தது. ஸ்டீபன்ராஜ் விழித்தார். அவர் ஏதோ தவறாகத் தட்டிவிட்டார் என்று நினைத்து முத்துக்கிருஷ்ணனும் இருபதுதான் தட்டினார்; மறுபடி இருபத்தொன்றுதான் அணைந்தது. பிறகு சொர்ணலட்சுமி என் மகனைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க.”

கமலக்கண்ணன் இருக்கையில் உட்கார்ந்தான். விரல்களை விசைகளின் மேல் வைத்தான். எங்கே போகிறது இந்தப் பாதை என்று அதற்குள் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் தவறியதைப் பார்த்துவிட்டானே. பத்தொன்பது என்று தட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். பத்தொன்பது என்றே தட்டினான்.

“அணைஞ்சிருச்சு!”

“கெட்டிக்காரர்,” என்றார் சொர்ணலட்சுமி. “சரி. இப்ப அஞ்சாம் நம்பர் மேசை.”

அவன் நான்கு என்று தட்டினான்.

கூடத்தில் ஐந்தாம் மேசை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான்காம் மேசை அணைந்தது.

“மேசையில ஒட்டுன நம்பர்ல எட்டு கிடையாது,” என்றார் சொர்ணலட்சுமி. “ஐயா உத்தரவு. ஆனா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற மெஷினுக்கு எட்டு உண்டு. அது ஒண்ணு, ரெண்டுன்னு நேரா எண்ணும். அதனால ஏழு வரைக்கும் ரெண்டும் ஒண்ணு. அதுக்கு மேல மேசை நம்பர்ல ஒண்ணைக் கழிச்சாத்தான் மெஷின் நம்பர். இது தெரிஞ்சவ இந்த மையத்துல ஒருத்திதான். கோளாறுன்னு வர்ற ஒவ்வொரு தடவையும் கழிச்சுக் கழிச்சுப் பாத்தவ. அவ ஆளை அனுப்பியிருந்தா பதினாலாம் மேசைக்கு பதிமூணுன்னு சொல்லி அனுப்பியிருப்பா. ‘பதினாலு’ன்னு சொல்லி அனுப்புனவருக்கு இந்தக் கழிப்பு தெரியாது. அதான் ஆளு பதினஞ்சுக்குப் போயிட்டான்.”

“அப்ப மேடம் இல்ல,” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

“இல்ல. நீங்களும் இல்ல, ஸ்டீபன்ராஜும் இல்ல. மெஷின் ஒன்பது மணிக்கே உருவாயிருச்சுன்னு நெனச்சவங்க ஒன்பது நாப்பதுக்கு ஃபைல் போட மாட்டாங்க. இன்னும் உருவாகலைன்னு தெரிஞ்சவங்க மூணு பேரு. வெள்ளிக்கிழமை ஒண்ணாச் சாப்பிட்டவங்க. அதுல கழிப்புத் தெரிஞ்ச மருமக போக, மிச்சம் ரெண்டு பேரு.” அவர் என்னை நேராகப் பார்த்தார். “மகன். இல்லைன்னா நீங்க.”

“நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல,” என்றேன்.

“தொட வேண்டியதில்லையே அப்பா,” என்றான் கமலக்கண்ணன்.

இருக்கையிலிருந்து எழாமலே சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை.

“ரெண்டு தடவ தோத்துட்டான், மூணாவது தடவயும் தோத்தா அக்கா மாமியார் வீட்டுல தலை நிமிர முடியாது, நம்ம வீட்டுல பரீட்சை நடக்கிறப்ப நம்ம பையனே தோத்தா ஊரு சிரிக்கும்னு யாரு சொன்னது? எப்படிங்கிறது உன் பாடு, தேறலைன்னா என் முகத்துல முழிக்காதேன்னு யாரு சொன்னது?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முத்துக்கிருஷ்ணன் பேனாவை மூடி வைத்தார். நான் மறுத்திருக்கலாம். மகன் பொய் சொல்கிறான் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். எழுபத்தோரு வயது வரைக்கும் என் வாய்ச் சொல்லை நான் இல்லை என்றதில்லை.

“நான்தான் சொன்னேன்,” என்றேன்.

பிராங்க்ளின் கூடத்திலிருந்து வந்து கதவருகே நின்றான்.

“ஆனா உன் பொண்டாட்டி லாகின்ல போடுன்னு நான் சொல்லல,” என்று மகனிடம் சொன்னேன்.

“வேற லாகின் எனக்குத் தெரியாதுப்பா.”

அப்போதுதான் மலர்விழி பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை. திரைக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து எடுத்து, மடித்துக்கொண்டே பேசினாள்.

“எனக்கு சனிக்கிழமையே தெரியும். அந்தப் பொண்ணு பதினஞ்சுல கை தூக்குனா. பதினாலுல பழனிக்குமார் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். கழிக்கத் தெரியாத ஆளு யாரு, நேரம் தெரிஞ்ச ஆளு யாருன்னு பாக்க எனக்கு ஒரு நிமிசம்கூட ஆகல.”

“அப்ப ஏன்மா வாயைத் திறக்கல?” என்று கேட்டார் சொர்ணலட்சுமி. அன்று அவர் திகைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி சொல்லுவாருன்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, ‘உன் பேருதான் பதிவுல இருக்காம், பாத்துப் பேசு’ன்னு சொன்னாரு. அப்பவும் இருந்தேன். இன்னைக்கு நாலு மணி வரைக்கும் இருந்துட்டேன்.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுவீங்கன்னு நான் எதிர்பார்க்கல மாமா. அந்தக் குறை எனக்கு இல்ல.”

முத்துக்கிருஷ்ணன் தாளில் என் மகனின் பெயரை எழுதினார். சுவரில் மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது.

மலர்விழி தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய கணினி அறைச் சாவியை எடுத்து ஸ்டீபன்ராஜிடம் கொடுத்தாள். மேசை எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும், ஏழு வரைக்கும் கழிக்கக் கூடாது என்று அவருக்கு ஒருமுறை பொறுமையாக விளக்கினாள். பிறகு படியிறங்கினாள். கமலக்கண்ணன் இருக்கையை விட்டு எழவில்லை. கூப்பிட வேண்டியவன் அவன்தான் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் என்ன நினைத்து உட்கார்ந்திருந்தான் என்று எனக்குத் தெரியாது.

“கொண்டு போய் விட்டுட்டு வரட்டுமா அக்கா?” என்றான் பிராங்க்ளின்.

“கேட்டுப் பாரு.”

அவன் ஓடிப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். “சின்னாளபட்டிக்கு பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் இருக்காம். வேணாம்னுட்டாங்க.”

சொர்ணலட்சுமி என்னிடம் கூலி வாங்கவில்லை. வேலை முடிந்ததா என்று கேட்டேன். “முடிஞ்சுது. நீங்க கேட்ட மாதிரி முடியல,” என்றார்.

மையம் மூடப்பட்டது. என் மகன் மேல் வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு நானே அவனுடன் போய் வருகிறேன். பழனிக்குமார் இனி எந்தத் தேர்வும் எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டான். ஆனந்திக்கு வேறோர் இடத்தில் மறுதேர்வு வைத்தார்கள். அவள் தேறினாளா என்று விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

வேலுமணி வீட்டார் மருமகளை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று திண்டுக்கல்லில் ஒரு பேச்சு இருக்கிறது. எங்களுக்கு வேண்டியவர்களே அதை எங்கள் கௌரவத்துக்காகச் சொல்லி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது தவறு. நாங்கள் துரத்தவில்லை. இரண்டு தடவை நான் சின்னாளபட்டிக்குப் போய் அழைத்தேன். அவள் வரவில்லை.